குப்பைமேட்டில் கிடைத்த குடும்பக் கடிதங்கள்



அரசர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும். ஆனால் அக்காலத்து வீடுகளில் குழந்தைகள் எவ்வாறு வளர்ந்தனர் என்பதை அறியக் கடிதங்களே துணை. அத்தகைய கடிதங்கள் இரண்டைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

எகிப்து நாட்டில், கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ஆக்சிரிங்கஸ் என்னும் பழைய நகரம் இருந்தது. அங்கே மழை மிக அரிது. ஆகவே அந்நகரத்தார் குப்பையில் எறிந்த பப்பைரஸ் தாள்கள் மக்காமல் மணலுக்குள் கிடந்தன. கிரென்ஃபெல், ஹன்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1896-97ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவற்றைத் தோண்டியெடுக்கத் தொடங்கினர்.

முதற் கடிதம் கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தியோன் என்னும் சிறுவன் தன் தந்தைக்குக் கிரேக்க மொழியில் எழுதியது. எழுத்துப் பிழைகள் நிறைய. தன்னை அலெக்சாந்திரியாவுக்கு அழைத்துச் செல்லாவிட்டால் இனிக் கடிதம் எழுதமாட்டானாம், பேசவும் மாட்டானாம். தந்தை அனுப்பிய பரிசையும் ஏளனம் செய்கிறான். முடிவில், தன்னை அழைத்துக்கொள்ளாவிட்டால் உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்று மிரட்டுகிறான்! இந்தப் பிள்ளையை நம் தெருவிலேயே நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

மற்றொன்று கி.மு. 1ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எழுதப்பட்டது. பிழைப்புக்காக அலெக்சாந்திரியாவில் தங்கியிருந்த ஹிலாரியோன், கருவுற்றிருந்த தன் மனைவி அலிஸுக்கு எழுதுகிறான். குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள் என்று கெஞ்சுகிறான். கூலி கிடைத்ததும் அனுப்புவதாகச் சொல்கிறான். உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே என்று தேற்றுகிறான். இவற்றுக்கு நடுவிலேயே இன்னொன்றும் எழுதுகிறான்: பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் எறிந்துவிடு.

இதைப் படித்ததும் மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஹிலாரியோனைக் கொடியவன் என்று ஒதுக்கிவிட்டால் எளிதாயிருக்கும். ஆனால் அவன் மனைவியிடம் அன்புள்ளவன், குழந்தைக்காக ஏங்குகிறவன். பிறந்த சிசுவை எறிவது அவன் காலத்தில் வழக்கமாயிருந்தது. அவ்வாறு கிடந்த குழந்தைகளைச் சிலர் எடுத்துச் சென்று அடிமைகளாக வளர்ப்பதும் உண்டு. வழக்கம் என்று ஆகிவிட்டபடியால், கூலிப் பணத்தைப் பற்றி எழுதிய அதே கையால், அதே தொனியில், இதையும் அவனால் எழுத முடிந்தது.

மாணவ நண்பர்களே, பழைய கடிதங்களைப் படிக்கும்போது இனிப்பான பகுதியை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். தியோனின் பிடிவாதத்தைக் கண்டு சிரியுங்கள். ஹிலாரியோனின் அந்த ஒரு வரியையும் தாண்டிப் போகாமல் நின்று படியுங்கள். பிறகு, வழக்கம் என்ற பெயரால் நம் வீட்டில் எவையெவை கேள்வியின்றி நடக்கின்றன, அவற்றால் துன்புறுவோர் யார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.