ஒரு பொருளுக்கு ஒரு சொல்
(சொல்லாய்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொற்றூய்மை பற்றி நாம் பலகாலும் பேசியுள்ளோம். இன்று சொல்லொருமை பற்றிப் பேச விழைகின்றேன். தூய சொல்லேயாயினும், அது பக்கத்துக்குப் பக்கம் மாறுமாயின் படிப்பாரை வழிதப்பச் செய்யும். இதனைத் தரவுத்தள ஆவணம் ஒன்றைக்கொண்டு விளக்குவேன்.

வைப்பகக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, மாணவர் மதிப்பெண் முதலியவற்றைக் கணினியில் ஒழுங்குறக் காக்கும் களஞ்சியமே தரவுத்தளம். அத்தகைய களஞ்சியங்களை ஆளும் மென்பொருள்களுள் ஒன்று போசுட்கிரெசு. அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆய்வின் வழிவந்தது அது. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. நிரலையும் ஆவணத்தையும் பல நாட்டார் பல காலமாக எழுதி வருகின்றனர். பல கைகள் எழுதுமிடத்தில் சொல் சிதறுவது எளிது.

தரவு மாறுமுன் அம்மாற்றத்தை முதற்கண் எழுதிவைக்கும் முன்பதிவு ஒன்று அதில் உண்டு. கணினி இடையில் நின்றுபோயினும் தரவு மீண்டெழுவது அதனாலேயே. அதனை ஆவணம் 'வால்' என்று வழங்கிற்று. அக்கோப்புகள் இருந்த கோப்புறைக்கோ 'எக்சுலாக்' என்று பெயர். 'லாக்' என்றாலே கழித்தெறியத்தக்க நிகழ்ச்சிக் குறிப்பு என்று கொள்வது கணினியாளர் பலரின் வழக்கம். ஆகவே, பயனர் சிலர் அக்கோப்புகளைத் தேவையற்றவை என்றெண்ணித் தம் கையாலேயே அழித்தனர். தரவு மீட்கவியலாதவாறு ஒழிந்தது! 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அக்கோப்புறையும் 'வால்' என்றே பெயர் பெற்றது. பெயர்மாற்றத்தின் கரணியமாக இவ்வழிவையே வெளியீட்டுக் குறிப்பு கூறுகின்றது. உடன்சேர்ந்த கருவிகளின் பெயர்களும் மாறின. பழம்பெயரை நம்பிய நிரல்களையெல்லாம் திருத்த நேர்ந்தது. காலந்தாழ்ந்த திருத்தத்தின் விலை அது.

ஒரு பொருளுக்கு இரு பெயர் விளைத்த கேடு இது. ஒரு பெயர்க்குப் பல பொருள் அமைவதும் உண்டு. 'கிளசுட்டர்' என்பது ஒரு வழங்கி ஆளும் தரவுத்தளங்களின் தொகுதி. அட்டவணையை வரிசைப்படுத்தும் கட்டளையும் அதுவே. பிறர் வழக்கில் கணினிக் கூட்டமும் அதுவே. இத்தகைய மயக்கம் தீர, 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் ஓர் அருஞ்சொற்கோவை பின்னிணைப்பாகச் சேர்க்கப்பெற்றது.

நம் நிலை என்ன? ஒருவர் 'தரவுத்தளம்' என்கின்றார். மற்றொருவர் 'தகவல்தளம்' என்கின்றார். புதிதாகக் கற்கும் மாணவன் இவை இருவேறு பொருள் என்று மயங்கானா? மயங்கியவன் ஆங்கில நூலுக்கே திரும்பிவிடுவான். அவ்விழப்புக்கு அயலாரைப் பழிக்கவியலாது.

ஆகலின், தமிழில் ஆவணம் எழுதப் புகுவோர் மூன்று செய்தல் வேண்டும். எழுதுமுன் சொற்கோவையை ஒருங்கிருந்து முடிவு செய்க. சொல்லோடு அதன் பொருளெல்லையையும் எழுதுக. ஒரு சொல்லை மாற்ற நேரின் எல்லாவிடத்தும் மாற்றி, பழஞ்சொல்லிலிருந்து புதுச்சொல்லுக்கு வழிகாட்டுக.

தாம் படைத்த சொல்லினும் சிறந்த சொல் பிறரிடம் இருக்குமாயின், தம் சொல்லை விட்டுக்கொடுத்தலும் தமிழ்த்தொண்டே.