கொங்கு நாட்டில் ஒரு கப்பல்

பீளமேட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கப்பல் நினைவுக்கு வரும். கடலே காணாத கொங்கு நாட்டில் கப்பலா என்று நகையாதீர்கள்.

1942 ஏப்ரல் 9. பசிபிக்கில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியப் படையின் விமானங்கள் அன்று காலை திரிகோணமலைமீது குண்டு பொழிந்தன. முதல்நாள் இரவே அங்கிருந்து வெளியேறிய 'ஹெர்மிஸ்' என்னும் ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. விமானந்தாங்கி என்பது பெயரளவில்தான். அன்று அதன் தளத்தில் ஒரு விமானங்கூட இல்லை! கப்பல் விரைவிலேயே மூழ்கியது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல் வந்து, நீரில் தத்தளித்தோரை மீட்டது.

அப்போர்க்காலத்திலேயே, கடற்படை விமானங்களைச் செப்பனிடும் பணிமனை ஒன்று கோவையில் அமைந்தது. ஆலை இயந்திரங்களோடு பழகிய ஊரல்லவா! கரையிலுள்ள தளங்களுக்கும் கப்பலைப்போலவே பெயரிடுவது ஆங்கிலேயக் கடற்படையின் வழக்கம். இதற்கு இட்ட பெயர் 'கருடா'. நான் நினைக்கும் கப்பல் அதுதான்.