வண்டி வருமுன்னே



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவள். குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு வாசிப்பதோடு சரி. ஆனாலும் 108 வண்டியைப் பற்றி ஒருத்தர் பேசணும்னு சொன்னப்போ நானே கையைத் தூக்கினேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

ஏழு வருசத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாசம். வாழைக்குள் தேங்கின மழைத் தண்ணியை வெட்டிவிடப் போன எங்க மாமனாரைக் கண்ணாடி விரியன் கடிச்சிட்டு. நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தாங்க. நான்தான் ஓடிப்போய்த் துணி காயப்போடுற கயிற்றை அறுத்து, முழங்காலுக்குக் கீழே கட்டினேன். விஷம் மேல ஏறிடக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கட்டினேன். சுத்தி நின்னவங்களும், "இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு"ன்னு சொன்னாங்க. அப்புறம் விஷக்கடிக்கு மந்திரிக்கிறவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கே இருந்து பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மூணு மணி நேரம் ஆயிட்டு.

உயிர் பிழைச்சிட்டாங்க. ஆனால் சதை அழுகி, காலில் ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. "விரியன் விஷமே சதையைக் கெடுக்கும். நீங்க கயிற்றைக் கட்டி ரத்த ஓட்டத்தையும் நிறுத்திட்டீங்களே அம்மா"ன்னு டாக்டர் சொன்னார். கட்டினது யாருன்னு அவர் கேட்கலை. மாமா இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவங்க செருப்புப் போடும்போது மட்டும் நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

நான் சோம்பேறித்தனத்தால் அந்தத் தப்பைச் செய்யலை. தெரியாமல், பாசத்தில் செய்தேன். நம்மில் பல பேரு அப்படித்தான்.

போன வருசம் எங்க அக்கா மகள் 108 வண்டியில் மருத்துவ உதவியாளர் வேலைக்குத் தேர்வானாள். இஎம்டி என்று சொல்வாங்க. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் இருந்து இந்த வண்டி ஓடுது. ஓட்டுநர் ஒருத்தர், மருத்துவ உதவியாளர் ஒருத்தர். பாடம், ஆஸ்பத்திரி, வண்டி என்று அவளுக்குப் பயிற்சி நடந்தது. லீவுக்கு வந்தால் என் கையைப் பிடிச்சுத்தான் நாடி பார்த்துப் பழகுவாள். அவள் படிக்கப் படிக்க நானும் படிச்சேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லுதேன்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, "முதலில் நீ பத்திரமா இருக்கியான்னு பார்" என்பதுதான். மோட்டார் கொட்டகையில் ஒருத்தர் கரண்ட் அடிச்சுக் கிடந்தால், மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. தொட்டால் ரெண்டு பேராகக் கிடப்போம். அடுத்தது, தோளைத் தட்டிக் கூப்பிடணும். பேச்சு இல்லைன்னா நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்க்கணும். மூச்சு இருந்து நினைவு இல்லைன்னா, அடிபட்டவங்களாக இல்லாத பட்சத்தில் ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும். வாயில் தண்ணியோ சோடாவோ ஊத்தவே கூடாது, புரையேறி மூச்சை அடைச்சிடும். மூச்சே இல்லைன்னா 108-க்குச் சொல்லிட்டு, நெஞ்சு நடுவில் ரெண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பெரியவங்களுக்கு ரெண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிசத்துக்கு 100-லிருந்து 120 தடவை அமுக்கணும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்தால் அடுத்த ஆள் மாறிக்கலாம்.

இனிப் பாம்புக்கடி. மலையடிவாரத்தில் வாழையும் வயலுமாக இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. ஐஸ் வைக்கக் கூடாது. பாம்பைத் தேடிப் போகக் கூடாது. கடிபட்டவங்களை நடக்க விடாமல் படுக்க வைத்து, எலும்பு முறிஞ்ச கைகாலுக்குக் கம்பு வைத்து அணைக்கிற மாதிரி அசையாமல் வைக்கணும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியை உடனே கழற்றணும், வீங்கினால் வெட்டித்தான் எடுக்கணும். கடிச்ச நேரத்தை மனசில் வச்சுக்கணும்.

கட்டுவிரியன் கடி சில சமயம் வலிக்கவே வலிக்காது. தரையில் படுத்திருந்தவங்க விடியக்காலம் வயிறு வலிக்குதுன்னு எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் இருந்தால், கடிவாய் தெரியலைன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கு. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுக்கிறவங்களில் முக்கியமானவங்க, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க. நம்மை மாதிரி ஏழைங்க சேர்ந்து நடத்துற சங்கம்தான். அவங்க உயிரைப் பணயம் வச்சு எடுக்கிற விஷத்தில் உண்டான மருந்து நமக்காகக் காத்திருக்கும்போது, நாம மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்கலாமா?

108-க்குப் போன் போட்டால் காசு கிடையாது. பதறாமல் பேசணும். ஊர், தெரு, பக்கத்தில் கோயிலோ பள்ளிக்கூடமோ, என்ன ஆச்சு, எத்தனை பேர், நினைவு இருக்கா - இவ்வளவும் சொல்லணும். அவங்க வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது. ஒரு ஆளை டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிறுத்தணும். ரோட்டில் அடிபட்டவங்களுக்கு உதவினால் போலீஸ் கேஸ் வரும்னு பயப்பட வேண்டாம். உதவினவங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, பேர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016-லேயே சுப்ரீம் கோர்ட்டு ஆதரவாக நின்னிருக்கு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்துட்டாங்க.

மூணு மாசம் முன்னால் எங்க குழுவில் உள்ள ஒரு மதினிக்கு, வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் முன்கையில் பாய்ஞ்சிட்டு. ஒருத்தர் காப்பித்தூள் கொண்டு வந்தாங்க, ஒருத்தர் மஞ்சள் கொண்டு வந்தாங்க. நான் ரெண்டையும் வேண்டாம்னு சொல்லிட்டு, சுத்தமான துண்டை மடிச்சு வச்சு அழுத்திப் பிடிச்சேன். கையை எடுத்து எடுத்துப் பார்க்கலை. துண்டு நனைஞ்சப்போ அதுக்கு மேலேயே இன்னொரு துணியை வச்சேன். என் கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் விடலை. வண்டியில் வந்த தம்பி பார்த்துட்டு, "இப்படியே பிடிச்சுக்கிட்டே ஏறுங்க அக்கா"ன்னு சொன்னான். மதினி இன்னைக்கு இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க.

அன்னைக்குக் கயிறு கட்டினதும் இதே கைதான்.

அதனால் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். மாசம் ஒரு குழுக் கூட்டத்தில் பத்து நிமிசம் இதைச் செய்து பழகுவோம். தீர்மான நோட்டின் பின்அட்டையில் 108 என்றும், நம்ம தெருவுக்கு அடையாளம் சொல்ற இடத்தையும் எழுதி வைப்போம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவை வருசம் ஒருமுறை கூப்பிடுவோம். வண்டி வந்த பிறகு அவங்க பார்த்துப்பாங்க. வண்டி வருகிற வரைக்கும் உள்ள நேரம் நம்ம பொறுப்பு.