மைலோமா நோயில் இதயத்தின் கணக்கு

மல்டிபிள் மைலோமா எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் தோன்றும் புற்றுநோய். எலும்பை அரிப்பது, சிறுநீரகத்தைக் கெடுப்பது, இரத்தச் சோகையையும் கால்சியம் மிகுதியையும் உண்டாக்குவது அதன் குணம். நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று மதிப்பிட 2005இல் வந்த பன்னாட்டு நிலை அளவீடு இரண்டே பரிசோதனைகளை நம்பியது: பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்புமின். 2015இல் அதைத் திருத்தியபோது எல்.டி.எச். அளவும் குரோமோசோம் கோளாறுகளும் சேர்ந்தன. இரண்டிலும் இதயத்துக்கு இடமில்லை. புற்றுநோயின் வீரியத்தை அளக்க அந்த அளவீடுகள் போதும். சிகிச்சையைத் தாங்க வேண்டிய உடலை அவை அளப்பதில்லை. இங்கே பேசப்போவது அந்த விடுபட்ட இடத்தைப் பற்றித்தான்.

கேரளத்தின் பீர்மேடு போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியில் இந்த நோய் இரண்டு விதமாக மறைந்துகொள்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு முதுகுவலி வந்தால் அது குனிந்து நிமிர்ந்த வலியாகவும் சுமை தூக்கிய வலியாகவும்தான் பார்க்கப்படும். மாத்திரையும் தைலமும் மாறி மாறிச் சில மாதங்கள் ஓடிய பிறகே முதுகெலும்பு நொறுங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரியவரும். மூச்சு வாங்குவதும் அப்படித்தான். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து சாலைக்கு ஏறும்போது இளைத்தால் ‘மலை ஏறினா மூச்சு வாங்கத்தானே செய்யும்’ என்று வீட்டாரே சமாதானம் சொல்லிவிடுவார்கள். பீர்மேட்டின் உயரம் சுமார் 900 மீட்டர். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த உயரம் மூச்சை அடைக்காது. போன மாதம் ஒரே மூச்சில் ஏறிய படிக்கட்டில் இந்த மாதம் இரண்டு இடத்தில் நிற்கிறார் என்றால் காரணம் அவர் உடலில்தான் இருக்கிறது.

அந்தக் காரணம் பல இடங்களிலிருந்து வரலாம். இரத்தச் சோகை முற்றினால், குறைந்த ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு உடலுக்கு ஆக்சிஜன் சேர்க்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானால் நீர் தேங்கி இரத்த அழுத்தம் ஏறும். மைலோமா செல்கள் சுரக்கும் எம்-புரதம் மிகுந்தால் இரத்தமே கெட்டியாகும். கால்சியம் ஏறினால் இதயத்துடிப்பின் மின்னோட்டம் மாறும், இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி சுருங்கியிருப்பதைப் பார்க்கலாம். இவை நான்கும் நோயின் நேரடி விளைவுகள், பெரும்பாலும் மைலோமாவுக்குச் சிகிச்சை தொடங்கியதும் சீராகக்கூடியவை. நெஞ்சுவலியில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மைலோமாக்காரருக்கு விலா எலும்பு முறிந்தும் நெஞ்சு வலிக்கும், மாரடைப்பாலும் வலிக்கும். அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து எலும்பு என்று முடிவுகட்டி இ.சி.ஜி. எடுக்காமல் அனுப்பிவிடக் கூடாது.

அமிலாய்டு படிவது வேறு கதை. மைலோமா நோயாளிகளில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு ஏ.எல். அமிலாய்டோசிஸும் சேர்ந்து வருகிறது. கெட்டுப்போன பிளாஸ்மா செல்கள் சுரக்கும் லைட் செயின் புரதங்கள் வடிவம் சிதைந்து, நாராகத் திரண்டு, உறுப்புகளில் தங்கிவிடுகின்றன. இதயத்தில் தங்கினால் தசை கஞ்சி போட்ட துணிபோல விறைத்து, விரிந்து இரத்தத்தை வாங்க முடியாமல் போகிறது. சுருங்கும் ஆற்றல் வெகுநாள் நன்றாகவே இருப்பதால், எக்கோ அறிக்கையில் ‘இ.எஃப். 60’ என்று பார்த்த மருத்துவர் இதயம் நலம் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. படிவு மட்டுமல்ல, சுற்றிவரும் லைட் செயினே இதயத் தசைக்கு நஞ்சாகிறது.

இதைப் பிடிக்கப் பெரிய கருவி எப்போதும் தேவைப்படுவதில்லை. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கும், இ.சி.ஜி.யிலோ அலைகள் குட்டையாக இருக்கும். இரத்தக் கொதிப்பால் தடித்த சுவராக இருந்தால் அலைகள் உயர்ந்திருக்க வேண்டும். இந்த முரண்பாடே பாதி நோயறிதல். பல ஆண்டு பி.பி. மாத்திரை சாப்பிட்டவருக்குத் திடீரென்று மாத்திரையே வேண்டாத நிலை வருவது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, நாக்கு தடிப்பது, கண்ணிமையைச் சுற்றி இரத்தம் கட்டியதுபோல் கருநீலத் திட்டு தெரிவது, இரு மணிக்கட்டிலும் நரம்பு நெரிந்து விரல் மரத்துப்போவது ஆகியவையும் துப்புகள்தாம். பி.பி. இறங்கிவிட்டது என்று நோயாளி மகிழ்ச்சியாகச் சொல்லும் செய்தி சில சமயம் கெட்ட செய்தி.

அமிலாய்டோசிஸ் நோயாளியின் ஆயுளை மதிப்பிடும் அளவீடு, மைலோமா அளவீட்டுக்கு நேரெதிராக, இதயத்தையே நடுவில் வைத்தது. மேயோ கிளினிக் 2004இல் வகுத்த நிலைகள் ட்ரோபோனின், என்.டி.-ப்ரோ.பி.என்.பி. என்ற இரண்டு இதயக் குறியீடுகளை மட்டும் கொண்டவை. 2012இல் லைட் செயின் வித்தியாசமும் சேர்க்கப்பட்டது. என்.டி.-ப்ரோ.பி.என்.பி. 8,500ஐத் தாண்டிய மூன்றாம் நிலை நோயாளிகளின் ஆயுள் முன்பு மாதக் கணக்கில்தான் இருந்தது. 2021இல் வெளியான ஆண்ட்ரோமெடா ஆய்வில் 388 பேர் பங்கேற்றனர். டாராடுமுமாப் சேர்த்த சிகிச்சையில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் நோய் முழுமையாக அடங்கியது, சேர்க்காத சிகிச்சையில் 18 விழுக்காட்டினருக்கே. ஆனால் இதயம் மிகவும் தளர்ந்த அந்தக் கடைசிக் குழுவினர் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. நல்ல மருந்து வந்திருப்பது அவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதன் அவசரத்தைக் கூட்டியிருக்கிறதே ஒழியக் குறைக்கவில்லை. என்.டி.-ப்ரோ.பி.என்.பி. சிறுநீரகப் பழுதிலும் ஏறும் என்பதால் கிரியாட்டினினோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இனி மருந்துகள். டெக்ஸாமெத்தசோன் இல்லாத மைலோமா சிகிச்சை அரிது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றும், உப்பையும் நீரையும் தேக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மேயோ கிளினிக்கில் பணியாற்றும் எஸ். வின்சென்ட் ராஜ்குமார் தலைமையிலான ஆய்வு 2010இல் வெளிவந்தது. லெனலிடோமைடுடன் மாதம் 480 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் தருவதையும், வாரம் ஒருமுறை 40 மில்லிகிராம் மட்டும் தருவதையும் அது ஒப்பிட்டது. அதிக மருந்து கட்டியைக் கூடுதலாகக் கரைத்தது. ஆனாலும் ஓராண்டு முடிவில் குறைந்த அளவு பெற்றவர்களில் 96 விழுக்காட்டினரும், அதிக அளவு பெற்றவர்களில் 87 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர். நாளங்களில் இரத்தம் உறைந்தவர்கள் முறையே 12, 26 விழுக்காடு. மைலோமாவில் இதயத்தையும் இரத்தக் குழாயையும் காப்பது ஆயுளை நீட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

தாலிடோமைடு, லெனலிடோமைடு இரண்டும் இரத்தத்தை உறைய வைக்கும் சுபாவம் கொண்டவை. அதனால்தான் ஆபத்து குறைந்தவருக்கு ஆஸ்பிரினும், கூடியவருக்கு ஹெப்பாரின் வகை ஊசியோ அதற்கு நிகரான மருந்தோ தரப்படுகிறது. இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசினின் பயன்பாடு இப்போது குறைந்துவிட்டது, ஆனால் முன்பு எவ்வளவு ஏறியது என்ற கணக்கு கோப்பில் இருக்க வேண்டும். ஸ்டெம் செல் மாற்றுக்கு முன் தரும் உயர் அளவு மெல்ஃபலான் சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கிளப்பும்.

கார்ஃபில்சோமிப் தனியாகப் பேசப்பட வேண்டியது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, திரும்பி வந்த மைலோமாவில் நன்றாக வேலை செய்கிறது. 2019இல் வெளிவந்த ப்ரொடெக்ட் ஆய்வு 95 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. கார்ஃபில்சோமிப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கும், போர்டெசோமிப் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் இதய–இரத்தக் குழாய்ச் சிக்கல் வந்தது. சிக்கல் வந்தவர்களின் ஆயுளும் குறைந்தது. சிகிச்சைக்கு முன்பே பி.என்.பி. வகைக் குறியீடுகள் உயர்ந்திருந்தவர்களுக்கே ஆபத்து மிகுதி. கட்டி கரையும்போது சிறுநீரகத்தைக் காக்க ஏற்றும் குளுக்கோஸ், சலைன் பாட்டில்களும் இதில் பங்குபெறுகின்றன: தளர்ந்த இதயத்துக்கு அந்த நீரே சுமை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2022 வழிகாட்டு நெறிகள் ஒவ்வொரு வருகையிலும் பி.பி. பார்க்கச் சொல்கின்றன; ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே பி.என்.பி. குறியீட்டை அளக்கவும் சொல்கின்றன.

எந்த மருந்தும் தொடுமுன்பே சிலரின் இதயம் களைத்திருக்கிறது. இந்திய நோயாளிகள் மேலைநாட்டவரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு இளையவர்கள் என்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின் 2023 முடிவுகளின்படி கேரளத்தில் வயதுவந்தோரில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுமீறினால் மருந்தளவைப் பாதியில் குறைக்கவோ இடையில் நிறுத்தவோ நேரிடும்; அது மைலோமாவைத் திரும்ப அழைக்கும். சர்க்கரையும் கொதிப்பும் கட்டுக்குள் இருந்தால்தான் சிகிச்சையை முழுமையாகக் கொடுத்து முடிக்க முடியும். இதயம் ஆயுளைத் தீர்மானிக்கும் இன்னொரு வழி இது. ஆய்வு அறிக்கைகளில் இது தனி வரியாக வருவதில்லை.

பீர்மேட்டிலிருந்து மேற்கே முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும், கிழக்கே குமுளி வழியாகத் தேனிக்கும் இறங்கலாம். தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் இரு பக்கமும் போய்ப் பார்ப்பதால் கோப்புகள் இரண்டு மாநிலங்களில் பிரிந்து கிடக்கின்றன; கடைசி எக்கோவை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதே தெரியாமல் சிகிச்சை தொடர்கிறது. நோயாளியின் கையில் ஒரே நோட்டுப் புத்தகம் இருந்து, அதில் முதல் இ.சி.ஜி., முதல் எக்கோ, முதல் என்.டி.-ப்ரோ.பி.என்.பி. ஒட்டப்பட்டிருந்தால் எந்தப் பக்கம் இறங்கினாலும் பயன்படும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த தோட்ட மருந்தகங்களில் எடை பார்க்கும் கருவியும் பி.பி. கருவியும் இருக்கின்றன. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், காலில் விரலால் அழுத்திய பள்ளம் நின்றால், படுத்தால் மூச்சு முட்டினால், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் விழுங்கும் நாளிலும் மறுநாளிலும் சர்க்கரை பார்ப்பதை மருந்தகச் செவிலியரே செய்துவிடலாம்.