செங்கடலும் கிள்ளான் துறையும்: புவியியற் பாடத்தைச் செய்தியோடு இணைத்தல்



பள்ளிப் புவியியலையும் அன்றாட உலகச் செய்தியையும் இணைப்பது பற்றி இன்று பேச முற்படுகின்றோம். மொழியியல் பயின்றவர்க்கு இத்துறையில் என்ன வேலை என்னும் ஐயம் உங்களுக்கு எழக்கூடும். நம் பிள்ளைகள் எந்த மொழியில் உலகை அறிகின்றனர் என்பது மொழியியலாரின் கேள்வியும் ஆகும். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நிலைமையை முதலில் தெளிவாகக் காண்போம். இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் தமிழ்வழிக் கல்வி ஆறாண்டுகள் நடைபெறுகின்றது. இன்றைய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் வரலாறு தனிப்பாடமாக உண்டு. புவியியல் தனிப்பாடமாக இல்லை. பிள்ளை படிவம் ஒன்றில் அடியெடுத்து வைக்கும்போதுதான் புவியியல் தொடங்குகின்றது; அது மலாய்மொழியில் தொடங்குகின்றது. அட்சக்கோடு, பருவக்காற்று, நீரிணை, கழிமுகம் ஆகிய கருத்துகளை மாணவர் தேசிய மொழியில் நன்றாகவே கற்கின்றனர். அதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அக்கருத்துகளுக்குரிய தமிழ்ச்சொற்களை அவர்கள் எந்த வகுப்பறையிலும் முறையாகச் சந்திப்பதில்லை. இடைநிலைப்பள்ளித் தமிழ்ப்பாடம் இலக்கணம், இலக்கியம், கட்டுரை என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றது.

ஆகவே, தமிழில் உலகைக் கற்பிக்கும் ஆசிரியராக நம் பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது செய்தி மட்டுமே. வானொலிச் செய்தி, தொலைக்காட்சிச் செய்தி, நாளிதழ் ஆகியவையே அந்த ஆசிரியர். அவற்றுள்ளும் 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. பதின்மூன்று வயதில் பாடம் ஒரு மொழியிலும் செய்தி இன்னொரு மொழியிலும் பிரிந்துவிடுமானால், பிள்ளை பாடத்தைத் தேர்வுக்கென்று வைத்துக்கொள்ளும். தமிழ்ச்செய்தியைத் தாத்தா பாட்டிக்கு உரியதென்று விட்டுவிடும். தமிழ் வீட்டுப் பேச்சாக நிலைக்கும். உலகைப் பற்றிச் சிந்திக்கும் மொழியாக நிலைக்காது. நாம் அஞ்சுவது இதற்கே.

ஒரு சான்றினை எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் தொடங்கி, செங்கடலில் சென்ற வணிகக் கப்பல்கள் ஏமன் நாட்டு ஹூதிப் படையினரால் தாக்கப்பட்டன. செங்கடலின் தென்வாயில் பாப் எல் மண்டேப் நீரிணை. அதன் குறுகிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வடவாயில் 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய். ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல் இவ்விரு வாயில்களையும் கடந்தாக வேண்டும். தென்வாயில் அச்சத்திற்குரியதானவுடன் பெருங்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லலாயின. வழி ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் நீண்டது. பயணம் பத்து நாள் முதல் இருவாரம் வரை கூடியது. கப்பல்கள் அட்டவணை தவறித் துறைமுகங்களில் ஒருசேர வந்து குவிந்தன. இழந்த நாள்களை ஈடுசெய்ய, அடுத்தடுத்த துறைகளுக்குரிய கொள்கலன்களையும் பெருந்துறைகளிலேயே இறக்கிவிட்டுச் சென்றன. 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரில் நெரிசல் முற்றியது. அது கிள்ளான் துறைமுகத்திற்கும் பரவியது. ஆண்டுக்கு ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாளும் துறைமுகம் அது. அங்கே வேலை செய்யும் தந்தையரும் சரக்குந்து ஓட்டும் அண்ணன்மாரும் நம் மாணவர்களின் வீடுகளில் உள்ளனர். ஏமன் கரையில் நிகழ்ந்தது கிள்ளானில் ஒரு குடும்பத்தின் வேலைநேரத்தை மாற்றுகின்றது என்பதை விளக்குவதைவிடச் சிறந்த புவியியற் பாடம் உண்டோ?

இனி இதில் மொழியின் பங்கினைக் காண்போம். கப்பல்கள் சுற்றிச் செல்லும் அந்தத் தென்முனையைத் தமிழ்ச்செய்தி 'நன்னம்பிக்கை முனை' என்கின்றது. மலாயில் அதன் பெயர் 'தஞ்சோங் ஹராப்பான்'. கிள்ளான் பிள்ளைக்கு அப்பெயர் புதிதன்று. வடதுறையை அடுத்து, மாலைநேரத்தில் குடும்பங்கள் காற்று வாங்கச் செல்லும் கடற்கரைக்கும் அதே பெயர்தான். 'தஞ்சோங்' என்பது முனை. 'ஹராப்பான்' என்பது நம்பிக்கை. வீட்டருகே ஒரு தஞ்சோங் ஹராப்பான். உலகப்படத்தில் ஒரு தஞ்சோங் ஹராப்பான். வானொலியில் நன்னம்பிக்கை முனை. ஆசிரியர் ஒருவர் இம்மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துக் காட்டினால் போதும். மலாய்ப் பெயரின் பொருள் விளங்கும், தமிழ்ச்சொல் நினைவில் நிற்கும், செய்தியும் புரியும். அவர் காட்டாவிடில் மூன்றும் மூன்று தனிப்பெயர்களாகவே கிடக்கும்.

நம் ஊர்ப்பெயர்களே இப்பயிற்சிக்கு இடந்தருகின்றன. 'கோலா' என்னும் மலாய்ச்சொல், ஆறு வேறோர் ஆற்றுடன் கலக்குமிடத்தையும் கடலுடன் கலக்குமிடத்தையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் முன்னதைக் கூடல் என்றும் பின்னதைக் கழிமுகம் என்றும் பிரித்துச் சொல்லலாம். கோலாலம்பூர், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் சேற்றுக் கூடல். கோலசிலாங்கூர் கழிமுகம். 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின், ஊரைச் செங்கல்லால் எழுப்ப வேண்டியதாயிற்று; அச்செங்கல்லுக்குக் களிமண் தந்த நிலம் பிரிக்பீல்ட்ஸ். இவ்வளவும் அறிந்த பிள்ளைக்கு 2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழைச் செய்தி வேறுவகையில் ஒலிக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏன் வடியாமல் நின்றது? அது கிள்ளான் ஆற்றங்கரையின் தாழ்நிலம். கடலில் ஓதம் உயரும்போது ஆற்றுநீர் வெளியேற வழியின்றித் தேங்கும். 'ஓதம்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லைச் செய்யுளில் மட்டும் படித்த மாணவர், அது தம் வாசலில் நின்ற நீருக்கும் காரணம் என்று அப்போது உணர்வார்.

புகைமூட்டமும் அவ்வாறே. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எரிந்தவை சுமத்திராவின் காடுகளும் கரிச்சதுப்பு நிலங்களும். புகையை இக்கரைக்குச் சுமந்து வந்தது தென்மேற்குப் பருவக்காற்று. பருவக்காற்றின் திசையைப் படம் வரைந்து மனப்பாடம் செய்த மாணவர்க்கு, மூக்கில் ஏறும் புகையே அப்படத்தின் அம்புக்குறி.

ஒரு சொல்லைத் தாய்மொழியில் அறிந்திருப்பதால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு, மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள சிமெலுவே தீவே விடை கூறும். 1907-இல் அத்தீவை ஆழிப்பேரலை தாக்கியது. அதன்பின் அம்மக்கள் தம் மொழியில் 'ஸ்மோங்' என்னும் ஒரு சொல்லைப் பேணினர். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது அச்சொல்லின் உட்பொருள். தாலாட்டிலும் கதையிலும் அது தலைமுறை கடந்து வந்தது. 2004 டிசம்பர் 26-இல், நிலநடுக்க மையத்திற்கு மிக அருகிலிருந்த அத்தீவில், ஏறத்தாழ 78,000 மக்களுள் உயிரிழந்தோர் எழுவரே. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையைப் படித்திருந்த பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்து எழுவதைக் கண்டு எச்சரித்தாள், கரையிலிருந்தோர் தப்பினர். முன்னவர்க்குத் தாய்மொழிச் சொல்லும் பின்னவளுக்குப் பள்ளிப்பாடமும் துணைநின்றன. இரண்டும் ஒருங்கே வாய்க்கும் நிலையில் நம் பிள்ளைகள் உள்ளனர்.

தேர்வு மலாயில் நடக்கையில் தமிழ்ச்சொற்கள் கூடுதல் சுமையன்றோ என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. தமிழ்ச்சொல்லுக்கெனத் தனித்தேர்வு வைத்தால் அது சுமையே. மலாயில் கற்றதைத் தமிழில் பாட்டிக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளை, கற்றதை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கின்றது. அவ்வாறு எண்ணிப் பார்த்தது தேர்வறையிலும் உதவும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கவை யாவை? மூன்றினை முன்வைக்கின்றோம்.

முதலாவது, தமிழ்ப்பள்ளிகளின் சபைக்கூடலிலும் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குக. ஒரு செய்தி, ஒரு நிலப்படம், மூன்று சொற்கள். ஒவ்வொரு சொல்லும் தமிழிலும் மலாயிலும். மாணவர் அவ்விடத்தைப் படத்தில் தொட்டுக் காட்டி, அங்கு நிகழ்ந்ததற்கு நிலமோ நீரோ காற்றோ எவ்வாறு காரணமாயிற்று என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்.

இரண்டாவது, செய்தி எழுதுவோர் சொல்லொருமை பேணுக. ஜலசந்தி, நீர்ச்சந்தி, நீரிணை என ஒரு பொருளுக்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. மூன்றும் தமிழுலகில் வாழ்பவையே. ஆயினும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றே வேண்டும். மலேசியத் தமிழில் 'மலாக்கா நீரிணை' நன்கு வேரூன்றிவிட்டது. அதனையே எங்கும் ஆளலாம். விரிகுடா, வளைகுடா, தீபகற்பம் போன்ற சொற்களுக்கும், அயல்நாட்டுப் பெயர்களின் எழுத்துப்பெயர்ப்புக்கும் ஒரு பொதுப்பட்டியல் தேவை.

மூன்றாவது, அப்பட்டியலைக் கொண்டு ஒரு தமிழ்ச் சுவர்ப்படத்தை உருவாக்குவது. இதனை இம்மன்றமே மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். உலகப்படம் ஒன்று, அதன் நடுவே ஐரோப்பாவுக்கு மாறாக மலாக்கா நீரிணை இருக்கட்டும்.

ஒரு தன்னடக்கமும் வேண்டும். செய்தியில் வரும் இடங்கள் பெரும்பாலும் துன்பத்தாலேயே செய்தியாகின்றன. போரும் வெள்ளமும் நம் வகுப்பறைக்குச் சொற்பயிற்சிப் பொருளாக மட்டும் ஆகிவிடலாகாது. அங்கு வாழ்வோர் யார், அவர்கள் என்ன பயிரிடுகின்றனர், எந்த ஆற்றின் நீரைக் குடிக்கின்றனர் என்பதையும் பாடம் சொல்ல வேண்டும்.

நம் முன்னோர்க்கு இவ்வறிவு நூலால் வந்ததன்று. 'ரஜுலா' கப்பலில் ஏறியவர்களுக்கு நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகியவை வாழ்வின் திருப்பங்கள். எழுதப் படிக்க அறியாதவரும் அவ்வூர்களை வரிசை தவறாமல் சொல்லினர். அவர்தம் கொள்ளுப்பேரர் அதே கடலின் செய்தியைக் கேட்டும் அது எங்குள்ளது என்று அறியாதிருக்க நாம் இடங்கொடுத்தல் தகாது. இவ்வவையிலுள்ள ஆசிரியர்கள் அடுத்த வாரமே ஒரு செய்தியோடும் ஒரு படத்தோடும் வகுப்பினுள் நுழைய வேண்டும் என்று வேண்டி அமைகின்றோம்.