கட்டிலில் கிடப்பவரைக் கேளுங்கள்



இலக்கிய மேடையில் சாவைப் பற்றி எதற்குப் பேச்சு என்று வருகிற வழியில் ஒரு நண்பர் கேட்டார். நான் சொன்னேன்: சாவைப் பேசினால் தீட்டு என்று நம் பாட்டிமார்கள் நினைத்திருந்தால் இந்த மண்ணில் ஒப்பாரி பிறந்திருக்குமா? செத்தவரைப் பற்றி ராத்திரி முழுக்கப் பாடத் தெரிந்த ஜனம் நாம். சாகப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் நமக்கு நாக்கு எழவில்லை!

மும்பைக்குப் போவோம். கே.இ.எம். மருத்துவமனை. 1973-ஆம் வருஷம், நவம்பர் மாதம். அருணா ஷான்பாக் என்ற நர்ஸ், கர்நாடகத்துப் பெண், வயது 25. வேலை முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், அதே மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவன் நாய்ச் சங்கிலியைக் கழுத்தில் போட்டு இறுக்கினான். அவள் உடலைச் சீரழித்தான். மூளைக்கு ரத்தம் போகவில்லை. மறுநாள் காலையில்தான் அவளைக் கண்டெடுத்தார்கள். அன்று படுத்தவள் 2015 மே மாதம்தான் கண்ணை மூடினாள். ஏறத்தாழ 42 வருஷம்! இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு அத்தனை வயசே ஆகியிருக்காது.

அவளுக்கு யார் சோறு ஊட்டினார்கள்? யார் குளிப்பாட்டினார்கள்? நர்ஸ்கள். முதலில் அவளோடு வேலை பார்த்தவர்கள். அவர்கள் ரிட்டயர் ஆனதும் அடுத்த தலைமுறை. அப்புறம் அவளை நடமாடிப் பார்த்தே இராத பிள்ளைகள். ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. நாற்பது வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த உடம்பைப் படுக்கைப் புண் அண்டாமல் காத்த கைகள் அவை! அந்தக் கைகளுக்குத் தட்டுங்கள்! எனக்கு வேண்டாம், அவர்களுக்குத் தட்டுங்கள்!

இவளைப் போக விடுங்கள், இது வாழ்க்கை இல்லை என்று பிங்கி விரானி என்ற பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எங்கள் அருணாவைத் தர மாட்டோம் என்று நர்ஸ்கள் எதிர்த்து நின்றார்கள். 2011 மார்ச் 7-ஆம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் தீர்ப்புச் சொன்னார்கள். அவளுக்காகப் பேசும் உரிமை யாருக்கு? சொந்தபந்தங்கள் வருவதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. சோறு ஊட்டியவர்களுக்குத்தான் அந்த உரிமை என்றது நீதிமன்றம். ரத்த பந்தத்துக்கு மேலே பணிவிடையைத் தூக்கி வைத்த தீர்ப்பு அது! மனுவைத் தள்ளிய அதே தீர்ப்புதான், மீளவே முடியாத நோயாளிக்கு உயர் நீதிமன்ற அனுமதியோடு செயற்கை உயிர்க்காப்பை விலக்கலாம் என்று இந்த நாட்டில் முதன்முதலாக வழி திறந்தது.

தோழர்களே, இரண்டு பக்கமும் அன்புதான் வழக்காடியது. போகட்டும் என்றதும் அன்பு, இருக்கட்டும் என்றதும் அன்பு. அந்த வழக்கில் கேட்காத ஒரே குரல் அருணாவின் குரல்! 25 வயதில் அவளிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை. நம் யாரிடமும் யாரும் கேட்டு வைக்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள். இந்தத் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டா, இல்லையா? ஏன் எல்லோரும் குனிகிறீர்கள்? விடியற்காலையில் பெரியவரை உட்கார வைத்து, உச்சந்தலை முதல் எண்ணெய் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் முழுக்காட்டி, இளநீர் மேல் இளநீராகக் குடிக்க வைப்பது. ரெண்டு நாள் ஜன்னி. அப்புறம் பந்தல். ‘பாரம்’ என்று ஒரு படம் இதைச் சொல்லித்தான் தேசிய விருது வாங்கியது. அந்தப் பெரியவரைக் கேட்டார்களா? கேட்கவில்லை! அதனால்தான் அது கொலை. வறுமை செய்த கொலை, பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு செய்த கொலை. ஆனாலும் கொலைதான்.

ஓலைக் குடிசையில் கேட்காமல் எண்ணெய் வைத்தால் கொலை. குளிரூட்டிய அறையில் கேட்காமல் குழாயைச் செருகினால்? அதற்குப் பெயர் சிகிச்சையா? அங்கேயும் அந்த மனிதரை யார் கேட்டார்கள்? தட்டுகிறீர்கள்! இந்தக் கைதட்டல் அந்த ஐசியூ கதவுக்கு உள்ளே கேட்க வேண்டும்!

நான் வக்கீல். என்னிடம் ஒரு பெரியவர் உயில் எழுத வந்தார். பஞ்சு மில்லில் முப்பது வருஷம் நூல் சுற்றும் கோன் வைண்டிங் மெஷின் ஓட்டியவர். வீடு மூத்தவனுக்கு, காலி மனை இளையவனுக்கு, நகை மகளுக்கு. எழுதி முடித்தேன். “வக்கீல் தம்பி, இன்னும் ஒரு வரி சேருங்க”ன்னார். “சொல்லுங்கய்யா”ன்னேன். “மூக்குல குழாய் போடக் கூடாது. என் வீட்டுத் திண்ணையிலதான் நான் போகணும்.” மகன்கள் ரெண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சட்டத்தில் அந்த வரிக்கு இடமில்லை. மண்ணுக்கு உயில் எழுதலாம், நகைக்கு எழுதலாம், சொந்த மூக்குக்கு எழுத முடியாது! கடைசியில் அவர் போனது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். மூக்கிலே குழாய், கை ரெண்டும் கட்டிலோடு கட்டி. மகன் கண்ணீரோடு காகிதம் காகிதமாகக் கையெழுத்துப் போட்டான். ஏனப்பா என்றால், “போடலைன்னா ஊர் என்ன சொல்லும் சார்?” ஊருக்காக ஒரு மனிதனைக் கட்டி வைத்தோம்!

அந்த வரிக்கு இடம் கொடுத்த நாள் 2018 மார்ச் 9. காமன் காஸ் என்ற அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்: அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் கண்ணியமாக இறக்கும் உரிமையும் அடங்கும். சுயநினைவோடு இருக்கும்போதே, எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். அதைத்தான் லிவிங் வில் என்கிறார்கள்.

போன வாரம் இதே ஊரில் இன்னொரு மேடையில் ஒருவர் பேசினாராம். பெயர் சொல்ல மாட்டேன், அந்த மரியாதையை நான் தர மாட்டேன். “கிழடுகளைக் கொல்ல உயில் எழுதச் சொல்றாங்க” என்றாராம். ஐயா, தீர்ப்பைப் படியுங்கள்! ஊசி போட்டுக் கொல்வது இந்த நாட்டில் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். இந்த உயில், பிழைக்கவே முடியாதவரின் சாவை இயந்திரத்தால் இழுத்தடிக்காதே என்று மட்டும்தான் சொல்லும். முதியவர்கள் மேல் அவருக்கு அத்தனை அக்கறை இருந்தால், பில் கட்டவில்லை என்று சில ஆஸ்பத்திரிகளில் பிணத்தைத் தர மறுக்கிறார்களே, அங்கே போய் முழங்கட்டும்! அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. அதை என்றைக்காவது மேடையில் சொன்னாரா?

வலி! அதைப் பற்றிப் பேசினாரா? புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டால் ராத்திரி என்ன ஆகும் என்று பக்கத்தில் படுத்தவரைக் கேளுங்கள். அதற்கு மருந்து, அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு அபினிச் செடி விளைகிறது. நம் அபின் வெளிநாட்டுக்கு மருந்தாகப் போகிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து நம் மருந்துக்கடைகள் மார்ஃபினைக் கைவிட்டன. உலகத்தின் வலிக்கு மருந்து விளைவித்த நாட்டில் நம் தாய் அலறிச் செத்தாள்! அந்தச் சட்டத்தைத் திருத்த 2014 வரை ஆனது. 1993-இலேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. நம்மிடமும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. வலி தணிப்புச் சிகிச்சை வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. எல்லாத் தெருவுக்கும் வரட்டும், கேட்டு வாங்குங்கள். வலி தீர்ந்தால்தான் ஒருவர் சொல்கிற ‘போதும்’ அவருடைய சொந்தச் சொல். வலியில் சொன்னால் அது வலியின் சொல்.

லிவிங் வில் எழுதச் சட்டம் சிக்கலா? 2018-இல் சிக்கல்தான், மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று. உங்களுக்கு நினைவு தப்பினால் உங்களுக்காகப் பேச நீங்கள் நம்புகிறவர்களின் பெயர்கள். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். நாளைக்கே யாரும் இதைக் காட்டி வெண்டிலேட்டரைப் பிடுங்க முடியாது. மருத்துவமனையின் மூன்று டாக்டர் குழு பார்க்க வேண்டும். வேறு மூன்று பேர் கொண்ட இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். அண்ணன் தம்பி சொத்துக்காக அவசரப்பட்டால் தடுக்க இத்தனை கதவு!

எழுதத் துணிவு வரவில்லையா? உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிற மாநிலம் இது. பெற்ற பிள்ளையின் இதயத்தைக் கொடுக்கத் துணிந்த தாய் தகப்பன் வாழ்கிற மண். அந்தத் துணிச்சலில் கால்வாசி போதும் இந்தக் காகிதத்துக்கு.

மறுபடியும் அருணாவைக் காத்த அந்த நர்ஸ்களிடம் வருகிறேன். அவர்களை விட்டு என் மனம் நகர மறுக்கிறது. உயில் எழுதிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது என்று யாராவது நினைத்தால், அவர் நான் பேசியது எதையும் கேட்கவில்லை. குழாயை எடுத்த பிறகும் வாயை நனைக்க ஆள் வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். சிகிச்சையை நிறுத்தலாம், கவனிப்பை நிறுத்த எந்தத் தீர்ப்பும் யாருக்கும் அனுமதி தரவில்லை!

ஆகவே என் அன்பிற்குரியவர்களே, இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மாவைக் கேளுங்கள், அப்பாவைக் கேளுங்கள். ‘அபசகுனமாப் பேசாதே’ என்றால் விடாதீர்கள், நாளைக்கும் கேளுங்கள். உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என் அலுவலகத்துக்கு வாருங்கள். ஒரு பைசா வாங்காமல் எழுதித் தருகிறேன். நம் உடம்பைப் பற்றிய கடைசிச் சொல் நம்முடையதாக இருக்கட்டும்!