புர்ரியின் சாக்கும் தையல் என்னும் சொல்லும்



இத்தாலிய ஓவியர் அல்பெர்த்தோ புர்ரி கிழிந்த சாக்குகளைத் தைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அவற்றையே ஓவியங்களாக முன்வைத்தவர். அவற்றைப் பற்றித் தமிழில் எழுத முற்பட்டபோது ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. இன்றைய உரை அச்சொல்லைப் பற்றியது.

புர்ரி 1915இல் உம்பிரியா மாநிலத்தின் சித்தா தி காஸ்தெல்லோ என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1943இல் துனிசியாவில் சிறைப்பட்டு, அமெரிக்காவின் டெக்சாஸில் ஹெரிஃபோர்ட் முகாமில் போர்க்கைதியாக அடைக்கப்பட்டார். அங்கேதான் ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1946இல் நாடு திரும்பியவர் மருத்துவத் தொழிலுக்குத் திரும்பவில்லை.

அவர் 1952இல் படைத்த 'பெருஞ்சாக்கு' ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமுடையது. பழுப்புக் கோணித் துண்டுகள், ஒட்டுகள், இழை பிரிந்த ஓட்டைகள், தடித்த நூலோட்டம். இவையே அதன் உறுப்புகள். உருவம் எதுவும் இல்லை. உரோம் நகரத் தேசிய நவீனக் கலைக்கூடம் அதனைக் காட்சிக்கு வைத்தது குறித்து 1959இல் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. கந்தலுக்குக் கலைக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களை நான் குறை கூறமாட்டேன்; அவர்கள் சாக்கைச் சாக்காகவேனும் பார்த்தார்கள்.

போற்றியவர்களோ வேறொன்றைப் பார்த்தார்கள். அமெரிக்கத் திறனாய்வாளர் ஜேம்ஸ் ஜான்சன் ஸ்வீனி 1955இல் புர்ரியைப் பற்றி எழுதிய நூலில், கிழிசலைக் குருதி கசியும் தசையாகக் கண்டார். மருத்துவர் தைத்த தையல் அல்லவா! அவ்விளக்கம் உலகெங்கும் பரவிற்று. புர்ரி அதை ஏற்கவில்லை. தம் படைப்பு வடிவமும் வெளியும் மட்டுமே என்பதே 1995இல் மறையும்வரை அவர் நிலைப்பாடு.

இனி நம் சொல்லுக்கு வருவோம். இத்தாலிய மொழியில் துணியைத் தைப்பதற்கு 'குச்சித்தூரா' என்றும், மருத்துவர் புண்ணை மூடித் தைப்பதற்கு 'சுத்தூரா' என்றும் வெவ்வேறு சொற்கள் உண்டு. திறனாய்வாளர் முதற்சொல்லிலிருந்து இரண்டாவதற்குத் தாவும்போது அத்தாவல் வாசகர் கண்ணுக்குப் புலப்படுகிறது. தமிழில் இரண்டும் தையலே. தையற்காரர் போடுவதும் தையல். மருத்துவமனையில் போடுவதும் தையல். போதாக்குறைக்குக் காயம் என்றால் புண்ணும் ஆகும், உடலும் ஆகும். "சாக்கின் தையல்" என்று நான் எழுதிய கணத்திலேயே, ஓவியர் வாழ்நாளெல்லாம் மறுத்த பொருள் அவர் படைப்பின்மேல் ஏறிவிடுகிறது. மொழியின் வளமே இங்கு நடுவுநிலைக்கு இடையூறு.

அதற்காகச் செயற்கையாக ஒரு கலைச்சொல்லைப் படைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலைச்சொல் ஆக்கத்தில் நமக்குள்ள வேகம், கைவசமுள்ள சொற்களைத் தேடுவதில் இல்லை என்பது என் வருத்தம். கோணி மூட்டையின் வாயை மூட்டுவதற்கென்றே நம்மவர் பயன்படுத்திய பெரிய ஊசிக்குக் கோணியூசி என்று பெயர். மூட்டுதல், ஒட்டுப்போடுதல், இழையோடுதல் என வினைகளும் உள்ளன. இவை எவையும் மருத்துவமனை வாசலை மிதித்தவை அல்ல.

இலண்டன் டேட் கலைக்கூடத்தில் 'சாக்கும் சிவப்பும்' என்னும் 1954ஆம் ஆண்டுப் படைப்பு உள்ளது. அதனைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த பத்தியில் 'தையல்' வந்த இடங்களை அடித்துவிட்டு, 'கோணித் துண்டுகள் மூட்டப்பட்டுள்ளன. அருகே சிவப்பு வண்ணம்' என்று திருத்தினேன். சிவப்பைக் குருதி என்று படிக்க விரும்புவோர் படிக்கலாம். அத்தாவலை அவர்களே தாவட்டும்.